வார்னிங்கை விரட்டாதீர்கள், விசாரியுங்கள்

"அதெல்லாம் வெறும் வார்னிங்தான் சார், எரர் ஒண்ணும் இல்லை."

ஒரு நேர்காணலில் நான் கேட்ட பதில் இது. வந்தவர் கெட்டிக்காரர். ஃபோல்டரில் எந்த ஃபைல் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் சிறிய டூல் ஒன்றை சி மொழியில் எழுதி கிட்ஹப்பில் போட்டிருந்தார். ஸ்க்ரீன் ஷேர் செய்து பில்ட் பண்ணச் சொன்னேன். கறுப்புத் திரையில் ஊதா நிறத்தில் வார்னிங் வரி வரியாக ஓடியது. அதில் ஒன்றைச் சுட்டி, இது ஏன் வருகிறது என்றேன். அதற்குத்தான் இந்தப் பதில். ஃபைல் சைஸ் 8 பைட் எண். அதை பர்சென்ட்-டி போட்டு ப்ரின்ட் செய்திருந்தார். அது எதிர்பார்ப்பது 4 பைட். "5 ஜிபி ஃபைலைக் கொடுத்தால் என்ன காட்டும்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தோம். 1 ஜிபி என்று காட்டியது.

அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்தோம். அவருடைய ப்ராஜெக்ட் இதைவிடச் சின்னது. ஆனால் பில்டில் வந்த ஒரே ஒரு வார்னிங்கைக் காட்டிக் கேட்டதும், அது எந்தக் கம்பைலரில் வரும், எதில் வராது, ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

டெமோ இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. ஓடுகிற கோடை ஏஐ டூலே எழுதித் தந்துவிடும் காலத்தில், "என் ப்ரோக்ராம் ஓடுகிறது" என்பது யாரையும் அசைக்காது. உங்கள் லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸில் ஓடுமா, மேக்கில் ஓடுமா, ஏஆர்எம் போர்டில் ஓடுமா, ஓடாவிட்டால் ஏன் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. குறைவாக இருப்பதற்குத்தான் மார்க்கெட்டில் விலை. காசு செலவில்லாமல் இதைக் கற்றுக்கொள்ள ஓபன் சோர்ஸைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அங்கே நுழைய கம்பைலர் வார்னிங் நல்ல வாசல். எப்படி இறங்குவது, எங்கே கால் வழுக்கும், எதைச் செய்தால் பெயர் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. முழு லாகையும் கையில் பிடியுங்கள்

டெர்மினலில் ஓடி மறைவதைக் கண்ணால் பார்த்து வேலைக்கு ஆகாது. பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்துவிட்டு க்ளீன் பில்ட் செய்யுங்கள். ஏற்கெனவே கம்பைல் ஆன ஃபைலை மேக் என்ற பில்ட் கருவி மறுபடி தொடாது. தொடாத ஃபைலின் வார்னிங் வெளியே வராது. "எனக்கு வார்னிங்கே வரலையே" என்று சொல்லி அசடு வழிபவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

எரர் அவுட்புட்டை ஒரு ஃபைலில் சேமியுங்கள். பல கோர்களில் பில்ட் ஓடினால் வரிகள் கலந்துபோகும். ஒவ்வொரு டார்கெட்டின் அவுட்புட்டையும் மொத்தமாகத் தரும் வசதி க்னூ மேக்கில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். பிறகு ஸார்ட் செய்து தனித்தனி வார்னிங்குகளை மட்டும் எண்ணுங்கள். 600 வரி லாகில் உண்மையான வார்னிங் 9 என்று தெரியும். ஒரு ஹெடர் ஃபைலில் உள்ள ஒரே வரி, அதை இன்க்ளூட் செய்யும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு முறை கத்தியிருக்கும்.

பெரும்பாலான வார்னிங்குகளின் கடைசியில் சதுர அடைப்புக்குள் ஒரு ஃப்ளாக் பெயர் இருக்கும். ஜிசிசி, கிளாங் இரண்டும் தரும். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் என்றால் சி-4267 மாதிரி ஒரு நம்பர். கம்பைலர் மேனுவலில் தேட வேண்டியது இந்தப் பெயரை. மெசேஜைப் படித்து நீங்களாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள்.

2. 'ஆல்' என்றால் எல்லாம் என்று நம்பாதீர்கள்

ஜிசிசியில் டபிள்யூ-ஆல் போட்டால் எல்லா வார்னிங்கும் வரும் என்று நினைப்பவர்கள் ஏராளம். வராது. அதற்கு மேல் டபிள்யூ-எக்ஸ்ட்ரா இருக்கிறது. அதற்கும் அப்பால், தனியாகக் கேட்டால் மட்டும் வருபவை நிறைய. கிளாங்கில் நிஜமாகவே எல்லாவற்றையும் கொட்டுவது டபிள்யூ-எவ்ரிதிங். மைக்ரோசாஃப்ட் கம்பைலரிலோ டபிள்யூ-ஆல் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே வந்துவிடும், சிஸ்டம் ஹெடர்களின் புலம்பல் உட்பட. அங்கே வேலைக்கு ஏற்றது லெவல் 4. பெயர் ஒன்று, அர்த்தம் இரண்டு. இண்டர்வியூவில் இதை ஒரு வரியில் சொன்னால் போதும், நீங்கள் இரண்டு பக்கமும் பில்ட் செய்தவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

ஒரு ஃப்ளாக் ஆனில் இல்லாததால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிளின் 2014 பிப்ரவரி சம்பவம் போதும். பாதுகாப்பான இணைப்புகளைச் சரிபார்க்கும் கோடில் "கோடூ ஃபெயில்" என்ற வரி தவறுதலாக இரண்டு முறை விழுந்துவிட்டது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் உட்படாமல் எப்போதும் ஓடியது. அதற்குக் கீழே இருந்த கையெழுத்துச் சோதனை ஒருநாளும் ஓடவில்லை. ஐபோனும் மேக்கும் போலி சர்வர்களை நம்பின. எட்டவே முடியாத கோடு இருக்கிறது என்று சொல்லும் வார்னிங் கிளாங்கில் அப்போதே இருந்தது. அது டபிள்யூ-ஆலில் சேராதது. தனியாகக் கேட்க வேண்டும். உள்தள்ளல் ஏமாற்றுகிறது என்று எச்சரிக்கும் வார்னிங்கை ஜிசிசி 2016-இல் தன் 6-ஆம் பதிப்பில் டபிள்யூ-ஆலுக்குள் கொண்டுவந்தது.

3. ஏன் இங்கே வருகிறது, ஏன் அங்கே வரவில்லை?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஒரே வரி லினக்ஸில் அமைதியாகவும் வேறிடத்தில் சத்தமாகவும் இருந்தால், அந்த வித்தியாசத்துக்குள் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பவரைத்தான் டீமில் எல்லோரும் தேடி வருவார்கள்.

முதலில் லாங். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட்தான். இனி 64 பிட் இன்டிஜரை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதன் உள்பெயர் லாங். மேக்கில் லாங் லாங். அதனால் பர்சென்ட்-எல்டி போட்டு ப்ரின்ட் செய்தால் லினக்ஸில் சத்தம் இல்லை. மேக்கில் வார்னிங் வரும், அளவு ஒன்றே என்பதால் எண் சரியாகவே அச்சாகும். விண்டோஸில் அதே வார்னிங் நிஜமான ஓட்டை. ஒரே மெசேஜ், ஒரு இடத்தில் சளி, இன்னொரு இடத்தில் நிமோனியா.

இதற்கு அவசரக்காரர்கள் செய்வது, லாங் என்று காஸ்ட் போடுவது. மூன்று இடத்திலும் வார்னிங் இருக்காது. விண்டோஸில் 2 ஜிபியைத் தாண்டிய ஃபைல் சைஸ் உடைந்துபோகும். நான் சொன்ன அந்த இளைஞரின் பிழை இப்போது வார்னிங் இல்லாத பிழையாக ஆகிவிட்டது, முன்பைவிட மோசம். சரியான வழி, ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் இன்ட்-டைப்ஸ் ஹெடரில் இதற்கென்றே இருக்கும் ஃபார்மட் மேக்ரோக்களைப் போடுவது. சைஸ்-டி என்றால் பர்சென்ட்-இசட்யூ.

அடுத்தது கார். இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். கெட்கார் தருவதை ஒரு கார் வேரியபிளில் வாங்கி, அது ஈஓஎஃப்பா என்று வைல் லூப்பில் சோதிக்கிறீர்கள். கல்லூரி லேபில் எல்லோரும் எழுதியதுதான். இன்டெல் லேப்டாப்பில் கார் சைன்டு, மைனஸ் 1 அதற்குள் அடங்கும், லூப் முடியும். இதே கோடை, ஏஆர்எம் ப்ராசஸரில் லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பையில் ஓட்டுங்கள். அங்கே கார் அன்சைன்டு. மைனஸ் 1 உள்ளே போனதும் 255 ஆகிவிடும். 255 ஒருநாளும் மைனஸ் 1 ஆகாது. லூப் முடியவே முடியாது. டபிள்யூ-எக்ஸ்ட்ரா போட்டிருந்தால் ஜிசிசி அங்கே, "இந்த ஒப்பீடு எப்போதும் உண்மை" என்று சொல்லியிருக்கும். இன்டெல்லில் மூச்சு விடாது.

பலர் செய்யும் வேலை, வேரியபிளை சைன்டு கார் என்று மாற்றுவது. வார்னிங் போய்விடும், பையில் லூப்பும் முடியும், புல் ரிக்வெஸ்ட் பச்சையாகிவிடும். ஆனால் இன்டெல்லில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பிழை இருந்தது: இன்புட்டில் 255 மதிப்புள்ள ஒரு பைட் வந்தால், அதை மைனஸ் 1 என்று எடுத்துக்கொண்டு ஃபைலின் பாதியிலேயே லூப் நின்றுவிடும். சைன்டு கார் என்று மாற்றியவர் அந்தப் பிழையை ஏஆர்எம்முக்கும் அனுப்பிவைத்துவிட்டார். கெட்கார் திருப்பித் தருவது இன்ட். இன்ட்டாக வாங்கினால் எல்லா இடத்திலும் எல்லாம் சரி. ஏஆர்எம் கத்தியது இன்டெல்லின் பிழையையும் சேர்த்துத்தான்.

ஏஆர்எம் என்றாலே அன்சைன்டு என்றும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஆப்பிளின் ஏஆர்எம் மேக்கில் கார் சைன்டுதான். லினக்ஸ் கெர்னல் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று 2023-இல் வந்த 6.2 பதிப்பிலிருந்து எல்லாக் கட்டமைப்பிலும் கார் அன்சைன்டு என்று முடிவு செய்துவிட்டது.

4. இன்றைய வார்னிங் நாளைய எரர்

ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமலே கூப்பிடுவதைப் பழைய சி அனுமதித்தது. ஹெடரை இன்க்ளூட் செய்ய மறந்தாலும் கம்பைலர், "இது இன்ட் திருப்பித் தரும்போல" என்று ஊகித்து, ஒரு வார்னிங்கோடு விட்டுவிடும். 32 பிட் காலத்தில் பிழைத்துக்கொண்டார்கள். 64 பிட்டில் பாயின்டர் 8 பைட், இன்ட் 4 பைட். பாயின்டர் தரும் ஃபங்ஷன் என்றால் மேல்பாதி வெட்டுப்பட்டுப்போகும். பிறகு க்ராஷ்.

2020-இல் ஆப்பிள் எக்ஸ்கோட் 12-இல் இதை எரராக்கியது. 2023-இல் கிளாங் 16. 2024 மே மாதம் ஜிசிசி 14. பல வருடமாக வார்னிங்கோடு ஓடிக்கொண்டிருந்த பேக்கேஜ்கள் பில்ட் ஆகாமல் நின்றன. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கம்பைலர்தான் மாறியது. அதே 2024-இல் டெபியன், 2038 தேதிப் பிரச்சினைக்காக 32 பிட் ஏஆர்எம்மில் நேரத்தைக் குறிக்கும் டைப்பை 64 பிட்டுக்கு மாற்றியபோது, அறிவிக்காத ஃபங்ஷனைத் தன் பில்ட் செட்டிங்கிலேயே எரர் ஆக்கியது. ஹெடர் இல்லாமல் கூப்பிட்டால் புதிய 64 பிட் ஃபங்ஷனுக்குப் பதில் பழையது சத்தமில்லாமல் ஓடிவிடும் என்பதுதான் காரணம்.

இதில் உங்களுக்கு என்ன லாபம்? அடுத்த வருடத்தின் வேலை இன்றே லாகில் தெரிகிறது. ஜிசிசி வருடத்துக்கு ஒரு பெரிய பதிப்பு தருகிறது, பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில். அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே ஃபெடோராவின் வளர்ச்சிப் பதிப்பான ராஹைடில் அது நுழைந்துவிடும். அந்தக் கம்பைலரை ஒரு கன்டெய்னரில் போட்டு, நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகளை அப்போதே பில்ட் செய்து பாருங்கள். 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15 சி-23-ஐ டீஃபால்ட் ஆக்கியது. பூல் என்பது கீவேர்டாகிவிட்டது. வெற்று அடைப்புக்குறிக்கு "ஆர்க்யூமென்ட் எதுவும் இல்லை" என்று அர்த்தம் வந்துவிட்டது. சொந்தமாக பூல் என்று டைப்டெஃப் செய்த பழைய ப்ராஜெக்ட்கள் உடைந்தன. உடைவதற்கு முன்பே பேட்ச் அனுப்புபவரின் பெயரை மெயின்டெய்னர் மறக்கமாட்டார். உடைந்த பிறகு புகார் சொல்ல நூறு பேர் இருப்பார்கள்.

5. புரியாத வரியைத் தொடாதீர்கள்

2006-இல் டெபியனில் ஓபன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் இரண்டு வரிகள் கமென்ட் செய்யப்பட்டன. காரணம் ஒரு புகார். வால்கிரைண்ட் என்ற மெமரி சோதனைக் கருவி, இனிஷியலைஸ் ஆகாத மெமரியைப் படிக்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கம்பைலர் சொல்லவில்லை, வேறு கருவி சொன்னது. ஆனால் மனநிலை ஒன்றுதான்: சத்தம் நிற்க வேண்டும். பேக்கேஜைப் பராமரித்தவர் ஓபன்எஸ்எஸ்எல் டெவலப்பர்களிடம் கேட்கவும் செய்தார். தடுத்து நிறுத்தும் பதில் வரவில்லை. வரிகள் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. ஒன்றை எடுத்ததில் நஷ்டம் இல்லை. மற்றது, ரேண்டம் எண் உருவாக்கத் தேவையான மூலப்பொருள் முழுவதும் உள்ளே போகும் வழி.

அதன் பிறகு ரேண்டம் எண் என்பது ப்ராசஸ் ஐடியை மட்டும் நம்பி நின்றது. அன்றைய லினக்ஸில் அதிகபட்சம் 32,768. அதாவது ஒரு வகை, ஒரு அளவு, ஒரு கட்டமைப்பு என்று எடுத்துக்கொண்டால், டெபியனிலும் உபுண்டுவிலும் உலகம் முழுக்க உருவான எஸ்எஸ்எச் சாவிகள் அந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். ஒரு லேப்டாப்பில் எல்லாவற்றையும் உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது. சிஸ்டம் அட்மின்கள் சாவிகளையும் சான்றிதழ்களையும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது.

எனவே வழக்கம் இதுவாக இருக்கட்டும். வார்னிங் சுட்டும் வரி என்ன செய்கிறது என்று உங்கள் வார்த்தையில் இரண்டு வாக்கியம் எழுத முடிகிறதா? முடிந்தால் கை வையுங்கள். முடியாவிட்டால் கேள்வியை அனுப்புங்கள், பேட்சை அனுப்பாதீர்கள். கேள்வியிலும், "எடுத்துவிடலாமா?" என்று மட்டும் கேட்காமல், எதை எடுக்கப் போகிறீர்கள், அதனால் என்ன மாறும் என்று நினைக்கிறீர்கள் என்பதைச் சேர்த்துக் கேளுங்கள்.

எஸ்கியூலைட் டெவலப்பர்கள் இதில் வெளிப்படையாகப் பேசுபவர்கள். வார்னிங்கை நீக்கப் போய்ப் புதிதாக நுழைந்த பிழைகள், அதனால் கண்டுபிடித்த பிழைகளைவிட அதிகம் என்பது அவர்கள் அனுபவம். அவர்கள் நம்புவது டெஸ்டை. கோடின் ஒவ்வொரு கிளையையும் தொடும் டெஸ்ட் அவர்களிடம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு, "எஸ்கியூலைட்டே கண்டுகொள்வதில்லை, நமக்கென்ன" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் ப்ராஜெக்ட்டில் அப்படிப்பட்ட டெஸ்ட் இருந்தால் அந்த வாதத்தை நீங்களும் வைக்கலாம்.

6. அடக்கத்தான் வேண்டுமென்றால்

சில வார்னிங் உண்மையிலேயே தவறான அலாரம். இனிஷியலைஸ் ஆகாமல் இருக்கலாம் என்று ஜிசிசி ஊகித்துச் சொல்வது அடிக்கடி தவறும். ஆப்டிமைசேஷன் லெவல் மாறினால் இந்த வார்னிங்கே மாறும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2020-இல் கெர்னலின் சாதாரண பில்டில் இதை அணைத்தே விட்டார். அணைப்பதில் தவறில்லை. எவ்வளவு அகலத்துக்கு அணைக்கிறீர்கள் என்பதில்தான் உங்கள் தரம் தெரியும்.

மேக்ஃபைலில் மொத்தமாக அணைப்பது சோம்பேறித்தனம். ப்ராக்மா புஷ், பாப் போட்டு அந்த ஒரு வரிக்கு மட்டும் அணையுங்கள். மேலே காரணத்தை ஒரு வரி எழுதுங்கள். வெளி லைப்ரரியின் ஹெடரிலிருந்து வருகிறதா? அதன் பாதையை சிஸ்டம் பாதையாகக் கொடுத்தால் ஜிசிசியும் கிளாங்கும் கண்டுகொள்ளாது. சிமேக்கிலும் அதற்கு வழி உண்டு. அடுத்தவர் கோடை உங்கள் ரெப்போவுக்குள் திருத்தாதீர்கள். அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

7. வார்னிங்கை எரராக்குவது எங்கே, எப்போது

டபிள்யூ-எரர் போட்டால் ஒரு வார்னிங் வந்தாலும் பில்ட் நிற்கும். உங்கள் சிஐ சர்வரில் போடுங்கள், நல்லது. ஊருக்கு ரிலீஸ் செய்யும் சோர்ஸில் டீஃபால்ட்டாகப் போடாதீர்கள். நீங்கள் பார்த்தே இராத கம்பைலரில், புதிதாக வந்த ஒரு வார்னிங்குக்காக, யாரோ ஒருவருடைய இன்ஸ்டாலேஷன் நிற்கும். ஜென்டூ தன் பேக்கேஜ்களில் இந்த ஃப்ளாகை எடுத்துவிட வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. 2021 செப்டம்பரில் லினஸ் இதைக் கெர்னலின் எல்லா பில்டுக்கும் டீஃபால்ட் ஆக்கினார். பல கட்டமைப்புகளில் பில்ட் உடைந்தது. சில நாட்களிலேயே, டெஸ்ட் பில்டுக்கு மட்டும் தானாக ஆன் ஆகும்படி சுருக்கிக்கொண்டார். கிட் ப்ராஜெக்ட்டின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது: டெவலப்பர் என்று ஒரு வேரியபிளை மேக் கட்டளையில் கொடுத்தால் கூடுதல் வார்னிங்கும் டபிள்யூ-எரரும் சேர்ந்து வரும், சும்மா பில்ட் செய்பவருக்கு எதுவும் நிற்காது.

ஒரு கண்ணி சொல்லிவைக்கிறேன். ஆட்டோகான்ஃப் பயன்படுத்தும் ப்ராஜெக்ட்டில் கான்ஃபிகருக்கு முன்பே டபிள்யூ-எரரைக் கொடுத்துவிடாதீர்கள். கான்ஃபிகர் எழுதும் குட்டிச் சோதனை ப்ரோக்ராம்களிலும் வார்னிங் வரும், அவை எரராகும், சிஸ்டத்தில் இருக்கும் வசதியை "இல்லை" என்று முடிவு கட்டிவிடும். பில்ட் வெற்றிகரமாக முடியும், பாதி வசதி காணாமல் போயிருக்கும்.

8. காசில்லாமல் ஒரு சோதனைக் கூடம்

"என்னிடம் மேக் இல்லை" என்பது இன்று சாக்காகாது. பப்ளிக் ரெப்போவுக்கு கிட்ஹப் ஆக்ஷன்ஸில் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றும் இலவசம். சிறு துண்டு கோடைப் பல கம்பைலர்களில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க கம்பைலர் எக்ஸ்ப்ளோரர். லினக்ஸிலிருந்தே விண்டோஸுக்கு பில்ட் செய்ய மிங்டபிள்யூ. பிக்-எண்டியன் இயந்திரம் வேண்டுமென்றால் டாக்கரும் கியூஎமுவும் சேர்ந்து எஸ்-390-ஐ உங்கள் லேப்டாப்பில் ஓட்டிக் காட்டும். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். ஓபன் சோர்ஸில் கொஞ்சம் பழகிய பிறகு கம்பைல் ஃபார்முக்கு விண்ணப்பியுங்கள். விதவிதமான ப்ராசஸர் உள்ள நிஜ இயந்திரங்களில் கணக்கு தருவார்கள்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் பில்ட்ஃபார்மை ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். 2004 முதல் நடக்கிறது. தன்னார்வலர்கள் தங்கள் இயந்திரங்களைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர். இன்ன விலங்கில் வார்னிங் வந்தது, அதனால் இந்த மாற்றம் என்று கமிட் மெசேஜ் எழுதுகிறார்கள். இருபது கமிட் படித்தால் ஒரு பாடப்புத்தகம் படித்ததற்குச் சமம்.

9. பேட்ச் அனுப்பும்போது உங்களைத்தான் அனுப்புகிறீர்கள்

மெயின்டெய்னருக்கு உங்கள் கல்லூரி தெரியாது, மார்க் தெரியாது. கமிட் மெசேஜ் மட்டும்தான் தெரியும். "ஃபிக்ஸ் வார்னிங்ஸ்" என்று இரண்டு வார்த்தை எழுதி, 40 ஃபைலை மாற்றி அனுப்பினால் அது திறக்கப்படாமலே கிடக்கும். ஏஐ டூல் கொடுத்ததை அப்படியே அனுப்பினால் இன்னும் மோசம். ரிவ்யூவில் ஒரு கேள்வி கேட்டதும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரு பேட்சில் ஒரு வகை வார்னிங். மெசேஜில் எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த ப்ளாட்ஃபார்ம், எந்த ஃப்ளாக், என்ன காரணம், நிஜப் பிழையா வெறும் சத்தமா, எப்படிச் சோதித்தீர்கள். கெட்கார் விஷயத்தை நான் எழுதினால் சாரம் இப்படி இருக்கும்:

"ஏஆர்எம்-64 லினக்ஸ், ஜிசிசி 14, டபிள்யூ-எக்ஸ்ட்ரா. கெட்கார் தருவது இன்ட், நாம் காரில் வாங்குகிறோம். இங்கே லூப் முடிவதில்லை. இன்டெல்லில் 255 பைட் வந்தால் முன்கூட்டியே நிற்கிறது. இன்ட்டாக மாற்றியிருக்கிறேன். இரண்டிலும் 255 பைட் உள்ள ஃபைல் கொடுத்துச் சோதித்தேன்."

ஆறே வாக்கியம். ரிவ்யூ செய்பவருக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. ரிலீஸுக்கு முந்தைய வாரத்தில் அனுப்பாதீர்கள். ஸ்டைல் மாற்றம், ஸ்பேஸ் மாற்றம் எதையும் இதோடு சேர்க்காதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், புதியவர்களுக்கென்றே எளிய வேலைகளைக் குறித்துவைக்கும் ப்ராஜெக்ட்கள் உண்டு. லிப்ரேஆஃபீஸ் அதை ஈஸி ஹாக்ஸ் என்கிறது.

10. இதைச் சம்பளமாக மாற்றுவது

ரெஸ்யூமேயில் "300 வார்னிங் சரிசெய்தேன்" என்று எழுதாதீர்கள். எண்ணிக்கை யாரையும் ஈர்க்காது. 300-ஐயும் காஸ்ட் போட்டு மறைத்தாரோ என்ற சந்தேகம்தான் வரும். "64 பிட் விண்டோஸில் 2 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் சைஸ் உடைவதைக் கண்டுபிடித்துத் திருத்தினேன், பேட்ச் ஏற்கப்பட்டது" என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், லிங்க் கொடுங்கள். நேர்காணலில் அந்த வரியிலிருந்துதான் கேள்வி வரும். உங்களுக்குத் தெரிந்த இடத்துக்கே எதிராளியை அழைத்துப்போகிறீர்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு: உங்கள் ஆபீஸ் கோடிலும் ஆயிரக்கணக்கில் வார்னிங் கிடக்கும். எல்லாவற்றையும் துடைக்கக் கிளம்பாதீர்கள். மேனேஜர் நேரம் தரமாட்டார். இன்றைய எண்ணிக்கையை ஒரு எல்லைக்கோடாகப் போட்டு, அதற்கு மேல் புதிதாக ஒன்றுகூட நுழையாதபடி சிஐயில் பூட்டுங்கள். பிறகு ஒரே ஒரு ஃப்ளாகை எடுங்கள். ஃபார்மட் வார்னிங்கில் தொடங்கச் சொல்வேன், நிஜப் பிழை அதிகம் சிக்கும் இடம் அது. முழுவதும் சுத்தமானதும் அந்த ஒரு ஃப்ளாகை மட்டும் எரர் ஆக்குங்கள். அடுத்த மாதம் அடுத்தது. ஒவ்வொரு மாதமும் சிக்கிய நிஜப் பிழைகளை மட்டும் மூன்று வரியில் மேனேஜருக்கு மெயில் அனுப்புங்கள். அப்ரைசல் நேரத்தில் அவருக்கு உங்கள் வேலை நினைவிருக்காது, மெயில் இருக்கும்.

இன்று இரவே உங்கள் கிட்ஹப் ப்ராஜெக்ட்டை டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா இரண்டும் போட்டு, ஜிசிசியிலும் கிளாங்கிலும் க்ளீன் பில்ட் செய்யுங்கள். உங்களை வேலைக்கு எடுக்கப் போகிறவர் அதைச் செய்து பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள்.